கடைவீதிக்கு நாமே தீ இன்சூரன்ஸ் நடத்தலாமா? வியாபாரிகள் சங்கங்களுக்கு ஒரு வழிகாட்டி

வீதியில் ஒரு கடை எரிந்தால் அடுத்த சங்கக் கூட்டத்திலேயே யாராவது எழுந்து கேட்பார்: “எண்பது கடை இருக்கிறோம். ஆளுக்கு மாதம் ஐந்நூறு போட்டால் நாமே இன்சூரன்ஸ் நடத்திக்கொள்ளலாமே, கம்பெனிக்காரனுக்கு ஏன் கொட்டிக் கொடுக்கணும்?” நியாயமான கேள்விதான். அமெரிக்காவில் மினசோட்டா, விஸ்கான்சின் மாதிரி மாநிலங்களில் ஊர்க்காரர்களே சேர்ந்து நடத்தும் தீ காப்பீட்டுக் கம்பெனிகள் உண்டு. அதற்கென்றே அங்கே தனிச் சட்டம் இருக்கிறது. நம் ஊரில் அப்படிச் செய்ய முடியுமா என்று தேடி வக்கீல், ஆடிட்டர், பதிவு அலுவலகம், இன்சூரன்ஸ் ஏஜென்ட் என்று அலையும் வேலை எங்கள் சங்கத்தில் என் தலையில் விழுந்தது. அவரவர் தமக்குத் தெரிந்த பங்கை மட்டும்தான் சொன்னார்கள். எல்லாவற்றையும் வரிசையாகச் சேர்த்து இங்கே எழுதியிருக்கிறேன், தமிழ்நாட்டு நிலவரப்படி. உங்கள் சங்கத்து ஆள் இதே சுற்றைச் சுற்ற வேண்டாம்.

1. வசூலைத் தொடங்கும் முன் சட்டம் என்ன சொல்கிறது என்று பாருங்கள்

இந்தியாவில் காப்பீட்டுத் தொழில் 1938ஆம் ஆண்டு காப்பீட்டுச் சட்டத்தின் கீழ் வருகிறது. மேற்பார்வை ஐதராபாத்தில் இருக்கும் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் கையில். பதிவுச் சான்றிதழ் இல்லாமல் யாரும் காப்பீட்டுத் தொழில் தொடங்கக் கூடாது என்பது சட்டத்தின் 3ஆம் பிரிவு. மீறினால் அபராதமும் சிறையும் உண்டு என்பது 103ஆம் பிரிவு.

சரி, பதிவு செய்தே நடத்துவோம் என்றால்? உள்ளூர் ஆட்கள் புதிதாகத் தொடங்க இரண்டு வடிவம்தான்: பொதுக் கம்பெனி, அல்லது காப்பீடு ஒன்றையே தொழிலாகக் கொண்ட கூட்டுறவுச் சங்கம். எதுவானாலும் செலுத்தப்பட்ட மூலதனம் குறைந்தது 100 கோடி ரூபாய். நான்கு தெருவுக்கு ஒன்று என்று சின்ன அளவில் நடத்த இங்கே தனி ஏற்பாடு கிடையாது. “கூட்டுறவாகப் பதிந்தால் மூலதனம் குறையும்” என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கூட்டுறவுக்கும் அதே 100 கோடிதான்.

சட்டத்தை ஒரு நிமிடம் தள்ளி வைத்துவிட்டுக் கணக்கை மட்டும் பாருங்கள். எண்பது கடை, மாதம் 500 ரூபாய் என்றால் ஆண்டுக்கு 4,80,000 ரூபாய் சேரும். நடுத்தரமான ஒரு ஜவுளிக்கடையில் சரக்கு மட்டுமே 40 லட்சத்துக்கு இருக்கும். அதைவிடப் பெரிய சிக்கல், நம் கடைகள் எல்லாம் ஒரே சுவரைப் பங்கு போட்டு நிற்கின்றன. தீ பிடித்தால் ஒரு கடையோடு நிற்காது, வரிசையே போகும். பணம் போட்டவர்களும் பணம் கேட்டு வருபவர்களும் அப்போது ஒரே ஆட்களாகத்தான் இருப்பார்கள். அந்த அமெரிக்கக் கம்பெனிகள் காப்பது பெரும்பாலும் தள்ளித்தள்ளி நிற்கும் பண்ணை வீடுகளையும் களஞ்சியங்களையும். அதற்கு மேல் அவை தங்கள் இழப்பில் ஒரு பங்கை வேறு கம்பெனியில் மறுகாப்பீடும் செய்து வைக்கின்றன.

ஆக, நடைமுறைக்கு ஒத்துவருவது இதுதான்: பெரிய இழப்பைத் தாங்க ஒவ்வொரு கடைக்கும் முறையான பாலிசி, கிளைம் பணம் வரும்வரை கை கொடுக்கச் சங்கத்தில் ஒரு நிவாரண நிதி. இரண்டையும் கலக்காதீர்கள்.

2. நிவாரண நிதியை இன்சூரன்ஸ் ஆகாதபடி எழுதுவது

பெரும்பாலான சங்கங்கள் சறுக்குவது இங்கேதான். “இவ்வளவு கட்டினால், தீ விபத்து நடந்தால் இவ்வளவு தருவோம்” என்று எழுதிவிட்டால் அது காப்பீட்டு ஒப்பந்தம். பெயரை என்னதான் மாற்றி வைத்தாலும் அதேதான். தவிர்க்க வேண்டியவை:

சரக்கு மதிப்பைப் பார்த்துச் சந்தாவைக் கூட்டிக் குறைப்பது. எல்லோருக்கும் ஒரே சந்தா வையுங்கள்.

இழப்பில் இத்தனை சதவீதம் தருவோம் என்று அட்டவணை போடுவது.

“ஐந்து வருடத்தில் தீ விபத்து நடக்காவிட்டால் கட்டிய பணம் வட்டியோடு திரும்பக் கிடைக்கும்” என்று வாக்களிப்பது. இது கூட்டத்தில் கைதட்டல் வாங்கும் யோசனை. ஆனால் 2019ஆம் ஆண்டு வந்த ஒழுங்குபடுத்தப்படாத வைப்புத் திட்டங்கள் தடைச் சட்டத்தில் போய் மாட்ட இதைவிடச் சுலபமான வழி கிடையாது.

சங்கத்தின் பெயரிலோ ரசீதிலோ “இன்சூரன்ஸ்”, “காப்பீடு”, “பிரீமியம்” என்ற சொற்களைப் போடுவது.

பைலாவில் இப்படி ஒரு விதி இருக்கலாம்: “தீ விபத்தால் பாதிக்கப்படும் உறுப்பினருக்கு, நிதி இருப்பைப் பொறுத்து, செயற்குழு தன் விருப்புரிமையின்படி உதவித்தொகை வழங்கலாம். இதை எந்த உறுப்பினரும் உரிமையாகக் கோர முடியாது.” கேட்கக் கொஞ்சம் கறாராக இருக்கும், கூட்டத்தில் எதிர்ப்பும் வரும். இருந்தாலும் அந்தக் கடைசி வரியை எடுத்துவிடாதீர்கள். பைலாவை இறுதி செய்யும் முன் ஒரு வக்கீலிடம் காட்டிவிடுங்கள். இந்த வேலையில் செலவைப் பார்த்துத் தயங்கக் கூடாத இடம் அதுதான்.

ஒரே விபத்துக்கு நிதியில் கால் பங்குக்கு மேல் போகக் கூடாது என்று ஒரு உச்சவரம்பும் வைத்துக்கொள்வது நல்லது. இது சட்டம் சொல்வதில்லை, என் அபிப்பிராயம்.

3. சங்கத்தைப் பதிவு செய்தல்

ஏற்கெனவே பதிவான சங்கம் என்றால் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம். ஆனால் ஆண்டுக் கணக்கு ஒழுங்காகத் தாக்கலாகி வந்திருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். பெயர்ப்பலகையில் “பதிவு எண்” போட்டுக்கொண்டு வருடக்கணக்கில் எதையுமே தாக்கல் செய்யாத சங்கங்கள் நிறைய.

பதிவு, 1975ஆம் ஆண்டு தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ் நடக்கும். மாவட்டப் பதிவாளர் அலுவலகம்தான் இடம். குறைந்தது ஏழு பேர் வேண்டும். உறுப்பினர்கள் 20 பேரை எட்டிவிட்டாலோ, ஆண்டு வரவோ செலவோ 10,000 ரூபாயைத் தொட்டாலோ பதிவு கட்டாயம் ஆகிவிடும். அதனால் “சும்மா நமக்குள்ளே ஒரு சங்கம்” என்ற பேச்சு எண்பது கடை வீதிக்குப் பொருந்தாது.

சேர்க்க வேண்டியவை:

சங்கத்தின் பெயர், நோக்கங்கள், முதல் செயற்குழு உறுப்பினர்களின் பெயர், முகவரி, தொழில் ஆகியவை அடங்கிய அமைப்புக் குறிப்பு.

பைலா. உறுப்பினர் சேர்க்கை, நீக்கம், சந்தா, பொதுக்குழு, கோரம் (கூட்டம் செல்லுபடியாகத் தேவையான குறைந்தபட்ச வருகை), வங்கிக் கணக்கை யார் இயக்குவது, தணிக்கை, கலைப்பு எல்லாம் அதில் வரணும். செயற்குழுவின் பதவிக்காலத்தை மூன்று ஆண்டுக்கு மேல் போடாதீர்கள்.

கையெழுத்திடும் எல்லோருடைய ஆதாரும் புகைப்படமும்.

அலுவலக முகவரிக்குச் சான்று. வாடகை இடம் என்றால் உரிமையாளரின் ஆட்சேபமில்லாக் கடிதமும் சொத்து வரி ரசீதும்.

விண்ணப்பத்தைப் பதிவுத் துறையின் டி.என்.ரெஜிநெட் தளத்தில் தொடங்கலாம். கட்டணம் அங்கேயே காட்டும், ஆன்லைனிலேயே கட்டிவிடலாம். இடைத்தரகர் கேட்கும் தொகைக்கும் அந்தத் தளம் காட்டும் கட்டணத்துக்கும் உள்ள இடைவெளியைப் பார்த்துவிட்டு அப்புறம் முடிவெடுங்கள்.

கோப்பு திரும்பி வருவது பெரும்பாலும் இரண்டு காரணத்துக்காக. ஒன்று பெயர்: வேறு சங்கத்தின் பெயரை ஒத்திருந்தாலோ, அரசாங்க அமைப்பு என்று நினைக்க வைத்தாலோ ஏற்க மாட்டார்கள். மூன்று பெயர்களைக் கைவசம் வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று எழுத்து: ஆதாரில் ஒரு மாதிரியும் அமைப்புக் குறிப்பில் வேறு மாதிரியும் இனிஷியல் இருக்கும். இதற்காகவே கோப்பு வாரக்கணக்கில் நின்றுவிடும்.

சான்றிதழ் வந்ததும் சங்கத்தின் பெயரில் பான் கார்டு, பிறகு வங்கிக் கணக்கு. நிவாரண நிதிக்குத் தனிக் கணக்கு, இரண்டு பேர் கையெழுத்து. பொருளாளரின் சொந்தக் கணக்கில் “தற்காலிகமாக” வசூலிக்கும் யோசனையை முளையிலேயே கிள்ளுங்கள். ஆண்டுதோறும் பொதுக்குழுவைக் கூட்டி, கணக்குக்கு ஒப்புதல் வாங்கி, பதிவாளரிடம் தாக்கல் செய்யணும். நிர்வாகிகள் மாறினால் அதையும் தெரிவிக்கணும்.

கூடவே இன்னொன்று. வணிகவரித் துறையின் கீழ் தமிழ்நாடு வணிகர் நல வாரியம் இருக்கிறது. உறுப்பினர்களுக்குத் தீ விபத்து உதவியும் அதன் திட்டங்களில் ஒன்று. பெரிய தொகையை எதிர்பார்க்க வேண்டாம். ஆனாலும் சங்கத்தில் எல்லோரையும் அதில் சேர்த்துவிடுங்கள்.

4. சரக்கு மதிப்பைக் கணக்கிடுதல்

பாலிசி வாங்கும் முன் செய்ய வேண்டியது இதுதான். கிளைமில் அடி வாங்குபவர்களில் பெரும்பாலோர் இங்கேதான் கோட்டை விட்டிருப்பார்கள். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பிரீமியத்தை மிச்சம் பிடிக்க 40 லட்ச ரூபாய் சரக்குக்கு 20 லட்சத்துக்கு மட்டும் பாலிசி எடுக்கிறார் ஒருவர். தீயில் 10 லட்சம் போகிறது. 20 லட்சத்துக்குத்தான் பாலிசி இருக்கிறதே, 10 லட்சம் முழுசாக வரும் என்று நினைப்பார். வராது. மதிப்பில் பாதிக்குத்தான் காப்பீடு செய்திருக்கிறார், எனவே இழப்பிலும் பாதிதான், அதாவது 5 லட்சம்தான் கிடைக்கும். இதைக் குறைகாப்பீடு என்பார்கள். கீழே சொல்லப்போகும் சிறுதொழில் பாலிசியில் 15 சதவீதம் வரையிலான குறையைக் கண்டுகொள்ள மாட்டார்கள். அதற்கு மேல் போனால் விகிதக் கணக்குத்தான்.

எந்த நாளின் சரக்கை எடுத்துக்கொள்வது? மார்ச் 31 இருப்பை ஆடிட்டர் கொடுத்திருப்பார். ஜவுளிக்கடைக்கு அந்த எண் உதவாது. தீபாவளிக்கு முந்தைய மாதமோ பொங்கலுக்கு முந்தைய வாரமோ கடையில் என்ன இருக்கிறதோ அதைப் பாருங்கள். அந்த உச்சத்தைத் தாங்குகிற மாதிரி தொகை இருக்கணும். இல்லாவிட்டால் சீசனுக்கு முன் தொகையைக் கூட்டி, பாலிசியில் அந்த மாற்றத்தைப் பதியும் ஒப்புதல் இணைப்பு (எண்டார்ஸ்மெண்ட்) வாங்கணும்.

விற்பனை விலையைப் போடாதீர்கள். வியாபாரச் சரக்குக்கு லாபம் சேராது, கடை வரை வந்து இறங்கிய அடக்க விலைதான் கணக்கு.

ஜிஎஸ்டியைப் பலரும் யோசிப்பதே இல்லை. 1,00,000 ரூபாய்ச் சரக்குக்கு 18,000 வரி கட்டி, அந்த 18,000த்தை இன்புட் கிரெடிட்டாக, அதாவது விற்பனையில் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளும் வரவாக, எடுத்திருப்பீர்கள். சரக்கு எரிந்துபோனால் ஜிஎஸ்டி சட்டத்தின் 17(5) பிரிவுப்படி அந்தக் கிரெடிட்டைத் திருப்ப வேண்டும். சரக்கும் போச்சு, வரியும் கையைவிட்டு. காப்பீட்டுத் தொகையில் வரியையும் சேர்த்துப் போடலாமா, கிரெடிட்டைத் திருப்பினால் கிளைமில் அது கிடைக்குமா என்று பாலிசி எடுக்கும்போதே எழுத்தில் கேட்டுப் பதில் வாங்கி வையுங்கள். விற்றுமுதலில் ஒரு சிறு சதவீதத்தை மட்டும் வரியாகக் கட்டும் காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவர்களுக்குக் கிரெடிட்டே கிடையாது. அவர்களுக்கு வரியும் அடக்கத்திலேயே சேர்ந்துவிடும்.

சரக்கு, மரவேலை மற்றும் அலமாரிகள், இயந்திரம், கட்டடம் என்று தனித்தனித் தலைப்பில் தொகை போடுங்கள். வாடகைக் கடை என்றால் கட்டடம் உரிமையாளர் பாடு. ஆனால் உங்கள் செலவில் போட்ட ஏசி, ஃபால்ஸ் சீலிங், கண்ணாடி எல்லாம் உங்கள் பட்டியலில் வரணும். மொட்டை மாடியிலோ பக்கத்துச் சந்திலோ சின்னக் குடோன் இருந்தால் அந்த முகவரியும் பாலிசியில் இருக்கணும். பாலிசியில் இல்லாத முகவரியில் எரிந்த சரக்கு எரிந்ததுதான்.

5. பாலிசி எடுத்தல்

2021 ஏப்ரல் 1 முதல் எல்லாப் பொதுக் காப்பீட்டுக் கம்பெனிகளும் ஒரே மாதிரியான பாலிசிகளை விற்க வேண்டும் என்று ஆணையம் சொல்லியிருக்கிறது. ஒரே இடத்தில் மொத்த மதிப்பு 5 கோடி வரை என்றால் பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா. 5 கோடிக்கு மேல் 50 கோடி வரை பாரத் லகு உத்யம் சுரக்ஷா. கடைவீதியில் அநேகமாக எல்லோருக்கும் முதலாவதுதான். பெயரில் உத்யம் இருந்தாலும் உத்யம் பதிவு (சிறுதொழில்களுக்கான அரசுப் பதிவு) இருந்தால்தான் கொடுப்பார்கள் என்றில்லை, மதிப்புத்தான் அளவுகோல்.

தீ, இடி, வெடிப்பு, புயல், வெள்ளம், நிலநடுக்கம், கலவரம் எல்லாம் இதில் அடங்கும். விபத்து நடந்த ஏழு நாளுக்குள் அதே இடத்தில் நடக்கும் திருட்டும் சேரும். மற்ற நாளில் நடக்கும் திருட்டு சேராது, அதற்குத் தனிப் பாலிசி. மின்கசிவில் ஒரு ஃபிரிட்ஜ் எரிந்தால் அந்த ஃபிரிட்ஜுக்குப் பணம் வராது. அதிலிருந்து பரவி எரிந்த மற்றவற்றுக்கு வரும்.

சங்கத்தின் பெயரில் ஒரே பாலிசி எடுக்க முடியாது. சரக்கு யாருடையதோ அவர் பெயரில்தான் எடுக்கணும். ஆனால் எண்பது கடைக்கும் சேர்த்து விலை கேட்கலாம். யுனைடெட் இந்தியா, நியூ இந்தியா மாதிரி ஒன்றிரண்டு அரசு நிறுவனங்களிடமும் ஒரு தனியார் நிறுவனத்திடமும் எழுத்தில் விலைப்புள்ளி வாங்குங்கள். பாலிசி வாசகம் ஒன்றே என்பதால் பிரீமியம், இழப்பில் நாம் ஏற்க வேண்டிய முதல் தொகை, உள்ளூரில் கிளை இருக்கிறதா என்ற மூன்றை மட்டும் ஒப்பிட்டால் போதும். பிரீமியத்துக்கு மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி உண்டு. பதிவுள்ள வியாபாரிகள் ஆடிட்டரிடம் கிரெடிட் பற்றிக் கேட்டுக்கொள்ளுங்கள். மொத்தமாக ஆள் பிடித்துக் கொடுத்ததற்குச் சங்கம் கமிஷன் வாங்கக் கூடாது. ஏஜென்ட் தன் கமிஷனிலிருந்து விட்டுக்கொடுப்பதையும் சட்டத்தின் 41ஆம் பிரிவு தடுக்கிறது.

கொண்டுபோக வேண்டியவை: ஜிஎஸ்டி சான்று, பான், வாடகை ஒப்பந்தம் அல்லது சொத்து ஆவணம், சரக்குக் கணக்கு, கடையின் உள்ளும் புறமும் எடுத்த படங்கள். படம் கட்டாயமில்லை என்பார்கள். இருந்தாலும் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு ஒப்புகை வாங்குங்கள்.

விண்ணப்பப் படிவத்தை ஏஜென்ட் நிரப்பட்டும் என்று வெற்றுத்தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். கடையின் தொழில், கூரை வகை, உள்ளே இருக்கும் ஆபத்தான பொருள்கள் ஆகிய மூன்றும் உண்மையாக இருக்கணும். மளிகைக்கடை என்று எழுதியிருக்கும். பின்பக்கம் தின்னரும் பெயிண்டும் அடுக்கியிருக்கும். அதேபோல, ஐப்பசியில் தற்காலிக உரிமம் வாங்கிப் பட்டாசு விற்பவர்கள் அதைக் கம்பெனிக்கு முன்கூட்டியே எழுதித் தெரிவிக்கணும். தகர ஷெட்டைக் கான்கிரீட் என்று எழுதினால் பிரீமியத்தில் சில நூறு குறையும், கிளைமில் முழுசும் போகும்.

பணம் கட்டிய பிறகுதான் பாதுகாப்பு தொடங்கும். காப்பீட்டுச் சட்டத்தின் 64விபி பிரிவு அதைத்தான் சொல்கிறது. காசோலை திரும்பினால் பாலிசியே கிடையாது. யுபிஐயிலோ வங்கிப் பரிமாற்றத்திலோ கட்டிவிடுங்கள்.

வங்கியில் சி.சி. கடன் (சரக்கை ஈடு காட்டி வாங்கும் கேஷ் கிரெடிட்) வைத்திருப்பவர்கள் இதையும் கவனியுங்கள். “இன்சூரன்ஸா? பேங்கே எடுத்துவிட்டது” என்று நிம்மதியாக இருப்பார்கள். அந்தப் பாலிசியை வாங்கிப் பாருங்கள். பல இடங்களில் கடன் தொகைக்கு மட்டும்தான் எடுத்திருப்பார்கள், சரக்கு மதிப்புக்கு இருக்காது. முகவரி பழையதாக இருக்கும். கிளைம் பணமும் முதலில் வங்கிக்குத்தான் போகும்.

6. தீ விபத்து நடந்தால்

தீயணைப்புத் துறையை 101 அல்லது 112இல் அழையுங்கள். தீ அணைந்ததும் அன்றைக்கே இன்சூரன்ஸ் கம்பெனிக்குத் தகவல் சொல்லி, கிளைம் எண்ணை வாங்குங்கள். போனில் சொன்னால் போதாது, மின்னஞ்சலும் அனுப்பணும். காவல் நிலையத்தில் புகார் கொடுங்கள். தீயணைப்பு நிலையத்தில் அறிக்கைக்கு விண்ணப்பியுங்கள், அது தானாக வீடு தேடி வராது.

மனசு கேட்காமல் உடனே குப்பையை அள்ளிச் சுத்தம் செய்துவிடுவோம். இழப்பை மதிப்பிடும் சர்வேயர் வந்து பார்க்கும்வரை எரிந்த எதையும் வெளியே கொட்டாதீர்கள். நனைந்ததைத் தனியாக, பாதி எரிந்ததைத் தனியாக வையுங்கள். எல்லாவற்றையும் வீடியோ எடுங்கள்.

ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட இழப்பு என்றால் உரிமம் பெற்ற சர்வேயர் வருவார். தகவல் கொடுத்த 24 மணி நேரத்துக்குள் அவரை நியமிக்கணும், 15 நாளில் அவர் அறிக்கை தரணும், அதற்கப்புறம் 7 நாளில் கம்பெனி முடிவு சொல்லணும் என்று 2024இல் ஆணையம் காலக்கெடு வைத்திருக்கிறது. நீங்கள் ஆவணம் கொடுக்கத் தாமதித்தால் அந்தக் கெடுவைச் சொல்லிக் கேட்க முடியாது. கொள்முதல் பில்கள், சரக்குப் பதிவேடு, ஜிஎஸ்டி ரிட்டர்ன், வங்கிக்குக் கொடுத்த மாதாந்திரச் சரக்கு அறிக்கை எல்லாம் கேட்பார்கள். வங்கிக்குக் கூட்டிக் காட்டிய எண்ணும் வரித் துறைக்குக் குறைத்துக் காட்டிய எண்ணும் அவர் மேசையில்தான் சந்தித்துக்கொள்ளும். பில்களின் நகல் கடையிலேயே இருந்தால் அதுவும் எரிந்துபோகும். வாரம் ஒருமுறை கணக்கின் ஒரு பிரதியை வீட்டிலோ ஆடிட்டரிடமோ வையுங்கள்.

சங்கத்தின் நிவாரண நிதி வேலை செய்ய வேண்டியது இந்த நாட்களில்தான்: ஊழியர் சம்பளம், தற்காலிகக் கடை வாடகை, குப்பை அள்ளும் கூலி. செயற்குழுத் தீர்மானம் எழுதி, காசோலையாகக் கொடுங்கள்.

7. பணம் தராமல் இழுத்தால்

தொகை குறைவு என்று தோன்றினால் “முழுத் திருப்தியுடன் பெற்றுக்கொண்டேன்” என்ற வவுச்சரில் பேசாமல் கையெழுத்துப் போடாதீர்கள். ஆட்சேபத்துடன் பெறுகிறேன் என்று எழுதி, மின்னஞ்சலிலும் பதிவு செய்யுங்கள். சர்வேயர் அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்குங்கள்.

முதலில் கம்பெனியின் குறைதீர் அதிகாரிக்கு எழுத்தில் புகார். ஆணையத்தின் பீமா பரோசா தளத்திலும் பதியலாம். 30 நாளில் பதில் இல்லை, அல்லது வந்த பதில் ஒத்துவரவில்லை என்றால் காப்பீட்டுப் புகார்களை விசாரித்துத் தீர்க்கும் அதிகாரியான காப்பீட்டு ஓம்பட்ஸ்மேனிடம் போகலாம். தமிழ்நாட்டுக்கு அலுவலகம் சென்னையில். கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம். 50 லட்சம் வரையிலான இழப்பீட்டுக்குத்தான் அவருக்கு அதிகாரம். தனி உரிமையாளர் கடைகளும் குறுந்தொழில்களும் போகலாம். கூட்டு நிறுவனமாக நடத்துபவர்கள் குறுந்தொழில் என்று காட்ட உத்யம் சான்று கையில் இருந்தால் வேலை சுலபம். அதை இலவசமாகவே எடுக்கலாம், எரிந்த பிறகு எடுப்பதைவிட இப்போதே எடுங்கள். கம்பெனியின் பதில் வந்ததிலிருந்து ஒரு வருடத்துக்குள் போகணும். அதே விஷயத்துக்கு நுகர்வோர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டிருந்தால் ஓம்பட்ஸ்மேன் எடுக்க மாட்டார். எனவே முதலில் எங்கே போவது என்பதை வக்கீல் நோட்டீஸ் அனுப்பும் முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள்.